மாலை ஏழு மணிக்கு முடிவெடுக்காதீர்கள்: வீட்டு முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைக்க ஒரு வழிகாட்டி

"ராத்திரிக்கு என்ன பண்றது?"

வேலை முடிந்து, பஸ்ஸில் இடிபட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்தக் கேள்வி காதில் விழும். தோசை வார்க்கப் பத்து நிமிடம் போதும். மாவு மிச்சம் இருக்கிறதா, சட்னி அரைப்பதா பொடியே போதுமா, சின்னவன் சாப்பிடுவானா, பேசாமல் பரோட்டா வாங்கிவிடலாமா என்று அந்த வேளையில் நடக்கும் பஞ்சாயத்துதான் ஆளைக் கசக்கிவிடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், இது நேற்றும் வந்த கேள்வி. நாளையும் வரும்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத் தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை பதில் எழுதி வைத்துவிட்டால், மற்ற நாட்களில் அதைப் பார்த்து நடந்தால் போதும். புதிதாகத் தனிக்குடித்தனம் வைத்தவர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வயதான பெற்றோரோடு இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. கணக்குகளும் விதிகளும் தமிழ்நாட்டு வீட்டுக்கானவை.

வேண்டியவை: 100 பக்க நோட்டு ஒன்று, கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று, பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று. மூன்றும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடியும். போனில் ஆப் வேண்டாமா என்றால், வேண்டாம். ஆப் ஒருவர் கையில் இருக்கும். காலண்டர் சமையலறைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்.

நேரம்: ஒரு வாரம் கவனிக்க, முதல் பகுதிகளை ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுத, அதன்பின் வாரம் இருபது நிமிடம்.

1. ஒரு வாரம் கேள்விகளை மட்டும் எழுதுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வீட்டில் யார் வாயிலிருந்தாவது "என்ன பண்றது", "எங்க வச்சே", "யாரு போறது", "எவ்வளவு குடுக்கிறது" என்று வந்தால், அதை அப்படியே நோட்டில் குறித்து, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். வார முடிவில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து: தினம் வருவதற்கு 'தி', தேதி வைத்து வருவதற்கு 'தே', திடீரென்று வருவதற்கு 'அ'. அவசரத்துக்கு 'அ'.

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் பட்டியல் போடுவார்கள். அப்போது என்ன ஆகும் என்றால், உங்கள் வீட்டில் இல்லாத பிரச்சினைக்கு அழகாக அட்டவணை இருக்கும். தினம் காலை சாவி தேடுவது அப்படியே இருக்கும்.

2. முடிவை எழுதும் முறை

ஒரு முடிவில் மூன்று இருக்க வேண்டும்: எப்போது, எவ்வளவு, யார். ஒன்று குறைந்தாலும் அது ஆசையாகத்தான் நிற்கும்.

"கேஸ் தீர்வதற்குள் புக் பண்ணணும்" என்பது ஆசை. எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. "மாற்று சிலிண்டரை யார் மாட்டுகிறார்களோ அவர் அன்றே அடுத்ததை புக் செய்வது" என்பது முடிவு. "வெளியே சாப்பிடுவதைக் குறைக்கணும்" என்பது ஆசை. "வெளிச்சாப்பாடு மாதம் நான்கு முறை, அதில் இரண்டு பிள்ளைகள் சொல்லும் கடை" என்பது முடிவு.

"இப்படி ஆனால் இப்படிச் செய்வோம்" என்று எழுதினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வாக்கிய வடிவத்தைப் பற்றியே நிறைய ஆராய்ந்திருக்கிறார். அதே நேரத்தில், முடிவெடுத்து எடுத்து மனபலம் தீர்ந்துபோகிறது என்று பிரபலமாகச் சொல்லப்படுகிறதே, அதன் அடிப்படைக் கோட்பாடு 2016ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்த மறுசோதனையில் தேறவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பசியோடு நிற்கும்போது எடுக்கும் முடிவு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை.

3. சமையல்: இங்கேதான் தொடங்க வேண்டும்

தினமும் மூன்று முறை வரும் கேள்வி என்பதால் பலன் உடனே தெரியும்.

மதியத்துக்கு வகையை மட்டும் முடிவு செய்யுங்கள், காயை முடிவு செய்யாதீர்கள். திங்கள் கீரையும் பருப்பும், செவ்வாய் காரக்குழம்பு, புதன் ரசமும் பொரியலும், வியாழன் கலந்த சாதம், வெள்ளி சாம்பார், சனி மோர்க்குழம்பு, ஞாயிறு கறியோ மீனோ. சாம்பார் நாள் என்றால் சாம்பார். முருங்கைக்காயா முள்ளங்கியா என்பதை அன்றைய விலை சொல்லட்டும். "வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் சாம்பார்" என்று எழுதிவிட்டால், முருங்கைக்காய் விலை ஏறிய வாரம் அட்டவணை உடையும். ஒருமுறை உடைந்த அட்டவணையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஞாயிறு காய் வாங்கினால் செலவழிக்கும் வரிசையும் முன்பே முடிவாகிவிடும். கீரை மறுநாளே. வெண்டை, கத்தரி, அவரை முதல் மூன்று நாளில். கோஸ், கேரட், பீட்ரூட் வாரக் கடைசிக்கு. உருளை, சேனை, வெங்காயம் எப்போதும் கையிருப்பு. அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமை விரதம் எது உண்டோ அதை மாதம் பிறக்கும்போதே காலண்டரில் வட்டம் போடுங்கள். மீன் வாங்கி வந்த பிறகு "இன்னைக்கு அமாவாசையாச்சே" என்பது தவிர்க்கக்கூடிய சண்டை.

டிபனுக்கு அச்சாணி மாவு. நான்கு பேர் வீட்டுக்கு 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம் என்று போட்டால் மூன்று வேளைக்கு வரும். வாரம் இரண்டு முறை அரைப்பது: சனி மாலை, புதன் மாலை.

சனி மாலை மூன்று மணிக்கு அரிசியைத் தனியாக, உளுந்தும் வெந்தயமும் தனியாக ஊறப் போடுங்கள். ஏழு மணிக்கு முதலில் உளுந்து. குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பந்து மாதிரி பொங்கும் வரை, கிரைண்டரில் சுமார் அரை மணி நேரம். பிறகு அரிசி, சன்ன ரவைப் பதத்தில். உப்புப் போட்டுக் கையால் கலந்து பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல் மூடி வையுங்கள். கோடையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். ஞாயிறு காலை இட்லி, திங்கள் காலை தோசை, செவ்வாய் இரவு ஊத்தப்பமோ பணியாரமோ. மாவு புளிக்கப் புளிக்க இட்லியிலிருந்து தோசைக்கும், அங்கிருந்து வெங்காயம் போட்ட ஊத்தப்பத்துக்கும் போவதால், எந்த நாளுக்கு எது என்று மாவே சொல்லிவிடும். வேறொன்றும் யோசிக்க வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறு: பொங்கிய மாவை ஒரே பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் மொத்தத்தையும் வெளியே எடுப்பது. ஒவ்வொரு முறையும் சூடாகி, திரும்பக் குளிர்ந்து, மூன்றாம் வேளைக்கு வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும். பொங்கியவுடனே வேளைக்கு ஒன்றாகப் பாத்திரத்தில் பிரித்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக, 'கைகொடுக்கும் மூன்று' என்று ஒரு வரி. எதுவும் முடியாத இரவில் யோசிக்காமல் செய்ய மூன்று பண்டம்: ரவை உப்புமா, சேமியா, பருப்பு சாதமும் அப்பளமும். இதற்கான ரவை, சேமியா, துவரம்பருப்பு, அப்பளம் எப்போதும் ஒரு தனி டப்பாவில் இருக்க வேண்டும். எடுத்தவர் அடுத்த கடைச் சீட்டில் எழுத வேண்டும். உப்புமாவைக் கண்டு முகம் சுளிக்கும் வீடாக இருந்தால் அதற்குப் பதில் முட்டை.

4. காலை நேரம்: முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு முடிந்துவிட வேண்டும்

இரவுச் சீட்டு ஒன்று எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். யூனிஃபார்ம், சாக்ஸ், பெல்ட் ஒரே நாற்காலியில். பள்ளி டைரியில் கையெழுத்து. தண்ணீர் பாட்டில் கழுவியாயிற்றா. வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, அலுவலக அட்டை மூன்றும் ஒரே ஆணியில். பதினைந்து நிமிட வேலை.

இதைவிட முக்கியம், தவறினால் என்ன என்பதை முன்பே எழுதுவது. "வேன் 7.40க்கு. 7.45 ஆகிவிட்டால் வேனுக்குப் போன் செய்வதில்லை, அப்பா வண்டியில் விடுவது. மழை என்றால் ஆட்டோ, 150 ரூபாய் காலண்டர் பின்னால் கவரில்." இந்த மூன்று வரி இல்லாத வீட்டில்தான் 7.45க்குக் கத்தல் கேட்கும்.

வண்டிக்கு ஒரே விதி போதும்: பெட்ரோல் முள் கால்பகுதிக்கு வந்தால் அன்று மாலை வீடு திரும்பும் வழியில் போடுவது. காலையில் பங்க் வரிசையில் நிற்பதில்லை.

5. பில், வரி, பிரீமியம்: தேதியைப் பிடியுங்கள்

முதலில், சம்பளக் கணக்கிலிருந்து பில்களுக்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கைப் பிரியுங்கள். ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் பழைய கணக்கு இருந்தால் அதுவே போதும். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தின் எல்லாக் கட்டணங்களையும் கூட்டி 12ஆல் வகுத்து, சம்பளம் வந்த மறுநாள் அந்தத் தொகை தானாக மாறும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் ஜூன் மாதச் செலவாகத் தெரிவதால்தான் ஜூனில் கழுத்து நெரிகிறது.

தானாகப் பிடித்தம் போடும்போது கவனிக்க வேண்டியவை:

சம்பளம் 1ஆம் தேதி என்றால் பிடித்தத்தை 5க்கோ 7க்கோ வையுங்கள். 1ஆம் தேதி ஞாயிறாகவோ விடுமுறையாகவோ வந்து சம்பளம் தள்ளிப்போனால், கடன் தவணை திரும்பிவிடும். உங்கள் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி.

யுபிஐ, கார்டு வழியான தானியங்கிப் பிடித்தம் பொதுவாக 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காது. காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில், மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றுக்கு அந்த வரம்பு 1 லட்சம். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்ப்பவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

கிரெடிட் கார்டுக்குத் தானியங்கி போடும்போது 'குறைந்தபட்சத் தொகை' என்பதைத் தேர்ந்துவிடாதீர்கள். கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பீர்கள், மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 'முழுத் தொகை' என்பதையே தேர்ந்தெடுங்கள்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அளவீடு எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். அளவீட்டு வாரத்தைக் காலண்டரில் குறித்துவிட்டு, 45ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே ஏறியதற்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்களுக்கும் கட்டண வீதம் மாறும். அதனால் 45ஆம் நாள் 375ஐத் தாண்டியிருந்தால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதுங்கள்: ஏசி 26 டிகிரி, நான்கு மணி நேர டைமர், பிறகு ஃபேன். வெயிலில் வெந்துகொண்டு இதை விவாதித்தால் ஏசிதான் ஜெயிக்கும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் தொடக்கத்திலேயே கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். காலண்டர் வாங்கிய அன்றே இரண்டு தேதியையும் குறித்துவிடுங்கள்.

கேஸ் இணைப்பில் இன்னும் ஒற்றை சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இரண்டாவது வாங்கிவிடுவது நல்லது. 14.2 கிலோ சிலிண்டருக்கு வைப்புத்தொகை 2,200 ரூபாய், உள்ளே இருக்கும் கேஸ் விலை தனி. கேஸ் புத்தகமும் ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போனால் போதும். இணைப்பை ஒப்படைக்கும்போது வைப்புத்தொகை திரும்பிவிடும். ஆரஞ்சு ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; குழாயிலேயே தேதி அச்சிட்டிருக்கும், பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள்.

இந்தப் பகுதியின் மிக முக்கியமான முடிவு ஒரே வரி: பணம் பற்றிப் போனில் முடிவெடுப்பதில்லை. "இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று குறுஞ்செய்தி வந்தாலும், போலீஸ் என்று வீடியோவில் ஒருவர் மிரட்டினாலும், வங்கி என்று சொல்லி ஓடிபி கேட்டாலும், பதில் ஒன்றுதான்: துண்டித்துவிட்டு, அந்தந்தத் துறையின் சொந்த ஆப்பில் நாமே திறந்து பார்ப்பது. வீட்டுப் பெரியவர்கள் போன் வைக்கும் இடத்துக்கு மேலேயே இதை ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அழைக்க வேண்டும் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். இந்த மோசடிகள் எல்லாமே அவசரத்தை உண்டாக்கித்தான் பிழைக்கின்றன. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

6. மொய், கைமாற்று, ஜாமீன்

பத்திரிகை வந்ததும் "எவ்வளவு வைக்கிறது" என்ற பேச்சு ஒரு வாரம் ஓடும். மூன்று வரிசை போட்டுத் தொகை எழுதிவிடுங்கள்: நெருங்கிய உறவு, தெரிந்த உறவும் நண்பர்களும், அலுவலகமும் அக்கம்பக்கமும். மேலே ஒரு விதி: நமக்கு அவர்கள் வைத்திருந்தால் மொய் நோட்டைப் பார்த்து அதற்குக் குறையாமல். தாய்மாமன் சீர் மாதிரி பெரியவற்றை இதில் சேர்க்காதீர்கள், அவை தனிப் பேச்சு.

கைமாற்றுக்கு வருடத்துக்கு ஒரு மொத்தத் தொகை வையுங்கள். திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையாக இருக்கட்டும். அது தீர்ந்துவிட்டால் அந்த வருடம் தீர்ந்தது. கேட்டவுடன் சொல்ல ஒரு வாக்கியமும் தயாராக இருக்க வேண்டும்: "வீட்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேண்ணே." வீட்டில் கணவன் மனைவி இருவரும் இதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் "பார்க்கலாம்" என்றும் இன்னொருவர் "இல்லை" என்றும் சொன்னால் கெட்ட பெயர் ஒருவர் தலையில் விழும்.

ஜாமீன் கையெழுத்துக்கு என் சிபாரிசு, யாருக்கும் இல்லை என்பதே. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று சொல்பவருக்கு இது தெரிந்திருக்கலாம், உங்களுக்குத்தான் தெரியாமல் இருக்கும்.

7. ஆஸ்பத்திரி ஃபைல்

இதற்கு ஒரு ஞாயிறு தனியாக ஒதுக்குங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால், எந்த ஆஸ்பத்திரி என்று மூன்று பேர் மூன்று பெயர் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது.

பட்டன் ஃபைலில் ஆளுக்கு ஒரு பிரிவு. உள்ளே இருக்க வேண்டியவை: ஆதார் நகல் இரண்டு; காப்பீட்டு அட்டை நகல், பாலிசி எண், அவர்களின் உதவி எண்; இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், வேளை; ஒவ்வாமை; ரத்த வகை; கடைசி ஈசிஜி, சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) அறிக்கைகள்; பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. ஃபைலின் முன் கவரில் 10,000 ரூபாய் ரொக்கம். மாத்திரைச் சீட்டை மருத்துவர் மாற்றிய அன்றே மாற்றி எழுத வேண்டும். பழைய சீட்டு கிடப்பதற்குச் சீட்டே இல்லாமல் இருக்கலாம், அவ்வளவு ஆபத்து.

முதல் பக்கத்தில் எது என்றால் எங்கே என்று எழுதுங்கள். அதற்கு முன் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பகலில் ஒருமுறை போன் செய்து கேட்க வேண்டும்: இரவிலும் இதய அடைப்பை நீக்கும் கேத் லேப் இயங்குமா? இரவிலும் சிடி ஸ்கேன் உண்டா? முகம் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறுதல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் முதலில் காட்டிவிட்டு வேறெங்கோ போவதில் அந்த நேரம் கரைந்துவிடும். பாம்புக்கடி என்றால் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. ஆம்புலன்ஸ் 108, கட்டணம் இல்லை.

யார் கூடப் போவது, யார் பிள்ளைகளோடு இருப்பது, யார் காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்வது என்று பெயர் போடுங்கள். அவசரச் சேர்க்கை என்றால் பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னால்.

அறை விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000 என்று இருந்து, நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால், வித்தியாசம் 3,000 தானே என்று நினைப்பீர்கள். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஆகவே "ஷேரிங் அறை" அல்லது "தனி அறை, 5,000க்குள்" என்று ஃபைலின் மேலேயே எழுதி வையுங்கள். சேர்க்கை மேஜையில் நிற்கும் பதற்றத்தில் "நல்ல ரூமா குடுங்க" என்றுதான் வாய் வரும். பாலிசி புதுப்பிக்கும் மாதத்தில் வரம்பையும், உங்கள் ஆஸ்பத்திரி பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்பதையும் திரும்பப் பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 70 வயது முடிந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெற ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை இருக்கிறது. இரண்டையும் உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு கடினமான பேச்சும் இங்கே உண்டு. மீள வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை, பெரியவர்கள் தாங்களே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018ல் இதற்கு வழிசெய்து, 2023ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றால் போதும். "அபசகுனமா பேசாதே" என்று முதல் முறை பேச்சு நின்றுவிடும். விட்டுவிட்டு, பாலிசி புதுப்பிக்கும்போது இன்னொரு முறை எடுங்கள். அப்பாவே ஒருநாள் ஆரம்பிப்பார்.

8. ஊருக்குப் போவது

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும், பயண நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜனவரி 13 கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 14 காலை. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு, பயணிகள் பட்டியல், வாலட்டில் பணம் மூன்றும் முந்தின வாரமே தயாராக இருக்கட்டும். காத்திருப்போர் பட்டியலில் எத்தனை வரை எடுப்பது, அதற்கு மேல் என்றால் எந்தப் பஸ் என்பதைக் குடும்பமாக முந்தின இரவே முடிவு செய்யுங்கள். 8.01க்குப் போனில் அண்ணனிடம் "எடுக்கவா?" என்று கேட்டு முடிப்பதற்குள் போய்விடும். தட்கல் முந்தைய நாள்: ஏசிக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. அதைத் திட்டமாக வைக்காதீர்கள், கடைசி வழியாக வையுங்கள்.

9. எங்கே உடையும்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாப் பகுதியையும் எழுதினால் பத்தாம் நாள் காலண்டர் வெறும் காலண்டராகிவிடும். முதல் மாதம் சமையலும் காலையும். இரண்டாம் மாதம் பில்கள். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரி ஃபைல். வீட்டில் இதய நோயாளியோ கர்ப்பிணியோ இருந்தால் மட்டும் வரிசையை மாற்றி ஃபைலை முதலில் முடியுங்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று: எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர். பெரும்பாலும் அம்மா. முடிவுகளை எழுதியாயிற்று, ஆனால் நினைவுபடுத்துவது அவள் வேலையாகவே இருக்கிறது என்றால் பாரம் இறங்கவில்லை, நோட்டுக்கு மாறிவிட்டது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். எழுதி முடித்ததும் பெயர்களை எண்ணுங்கள். ஒரு பெயர் பாதிக்கு மேல் வந்தால் திரும்பப் பிரியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலும் சாக்ஸும் கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்காகவும் மாமியார் மாமனாருக்காகவும் அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்து ஒட்டாதீர்கள். வியாழக்கிழமை கலந்த சாதம் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், மாமனாருக்குப் புளியோதரை ஒத்துக்கொள்ளாது.

வாரத்தில் ஒரு மாலைக்கு விதியே வேண்டாம். சனி மாலை மாவு அரைப்பதால் வெள்ளி மாலை வசதி. அன்று யாருக்கு என்ன தோன்றுகிறதோ அது. தீபாவளி, பொங்கல் வாரங்களிலும் அட்டவணையைக் கழற்றி வைத்துவிடுங்கள். விருந்தாளி இருக்கும் வீட்டில் புதன்கிழமை ரசம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிறு, நோட்டை எடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். மூன்று முறை மீறப்பட்ட விதியை அடித்துவிட்டு, அந்த நேரத்தில் வீட்டில் உண்மையில் என்ன நடந்ததோ அதை அதன் இடத்தில் எழுதுங்கள். செவ்வாய் இரவு பணியாரம் என்று எழுதிவிட்டு ஒருமுறைகூடச் செய்யவில்லையென்றால், பணியாரக் கல்லைப் பரணில் ஏற்றிவிட்டு 'ஊத்தப்பம்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.